ஐப்பசி மழையை மாமாவுக்கு எழுதிவைத்தேன்

வக்கீல் தொழிலில் முதல் வழக்கில் தோற்பது பெரிய அவமானமில்லை. எல்லோரும் தோற்கிறார்கள். தோற்றுவிட்டு, ஜட்ஜுக்குக் காது மந்தம் என்று சொல்லிக்கொண்டு கேன்டீனில் டீ குடிக்கிறார்கள். என் கதை வேறு. வழக்கே இல்லாத இடத்தில் நானாக ஒரு வழக்கை உண்டாக்கி, அதற்கு வேண்டிய சாட்சியத்தையும் நானே டைப் அடித்துக் கொடுத்து, சொந்த அக்கா புருஷனைத் தோற்கடித்தேன். அதுவும் அவருக்காக வாதாடிக்கொண்டே. இந்தச் சாதனையை எங்கள் பக்கத்தில் இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

அது 2005. திண்டிவனத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. (ஜூனியர் என்றால் வாய்தா வாங்குவது, சீனியர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது.) கறுப்பு கோட்டு புதுசு. வானூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு பஸ்ஸில் வரும்போதுகூட அதைக் கழற்ற மாட்டேன். வேர்த்து ஊற்றும். ஒருநாள் ஒரு பெரியவர் என்னைச் செக்கிங் என்று நினைத்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். நானும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது நான் எந்த நிலைமையில் இருந்தேன் என்பதற்கு இது ஒன்று போதும்.

என் அக்கா வசந்தாவை மரக்காணத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஏழுமலை மாமா அங்கே உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அவருக்குப் படாத பாடு. சுனாமியில் அளம் முழுக்கச் சேறு ஏறிவிட்டது. அதை வெட்டி எடுத்து, பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டியாக்கி, சீசனுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உப்பு வாரினார். ஆனால் வெயில் நன்றாக அடித்தது. ஆவணி முடியும்போது அளத்து வரப்பில் அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்திருந்தது.

அந்தத் தெம்பில் அக்கா ஓலை வீட்டைப் பிரித்துவிட்டாள். வியாபாரி கொடுக்கும் அட்வான்ஸில் சுவர், உப்பு லாரி ஏறியதும் வரும் மீதிப் பணத்தில் தளம். இதுதான் திட்டம். தளம் போடும்வரை, அதாவது "ரெண்டே மாசம்", அவர்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். என் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் கூடத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். ரெண்டே மாசம்தானே என்று நானும் பெருந்தன்மையாக இருந்தேன்.

வியாபாரியின் பெயர் லாரன்ஸ். பாண்டிச்சேரிக்காரர். கருவாட்டுக் கம்பெனிகளுக்கும் தோல் மண்டிகளுக்கும் உப்பு அனுப்புகிறவர். குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்கும் அளத்துக்காரர்களுக்கும் நடுவில் காகிதம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்பாரத்தைப் பார்ப்பார், விலை பேசுவார், அட்வான்ஸ் கொடுப்பார். மறுநாள் அவருடைய ஆட்கள் அவருடைய கீற்றைக் கொண்டுவந்து அம்பாரத்தை மூடிக் கட்டுவார்கள். அவ்வளவுதான் வியாபாரம். வியாபாரியின் கீற்று ஏறிவிட்டால் உப்பு அவருடையது. அதன்பிறகு மழை வந்தாலும், திருடன் வந்தாலும், மாடு வந்து முட்டினாலும் அது வியாபாரியின் தலைவலி. அந்தக் கரையில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததைப் படிப்பு மறக்கடித்திருந்தது.

ஆரம்பித்துவைத்தது அக்காதான்.

"போன வருஷம் அந்த சென்னைக்காரன் லோடு ஏத்திக்கினு போயி, பணத்துக்கு எப்படி அலையவிட்டான்? வீட்லயே வக்கீல வச்சிக்கினு இன்னமும் வாயாலயே பேசிக்கினு இருந்தா எப்படி?" என்றாள்.

"லாரன்ஸ் அப்படிப்பட்ட ஆளு இல்ல வசந்தா. எழுதாமயே நல்லாத்தான் நடக்குது" என்றார் மாமா.

நான் கோட்டைச் சரிசெய்துகொண்டேன். (வீட்டுக்குள்தான். அப்போதும் போட்டிருந்தேன்.) "மாமா, வாய்வார்த்தையெல்லாம் கோர்ட்டுல நிக்காது" என்றேன்.

"நாம எதுக்கும்மா கோர்ட்டுல போயி நிக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சிரித்தேன். விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பது போல என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் சீனியர் ஆபீஸில் பழைய ஒப்பந்தங்கள் அலமாரி நிறைய இருந்தன. ஒரு சினிமாக் கொட்டகைக் குத்தகை, ஒரு ரைஸ் மில் விற்பனை, ஒரு மாடி வீட்டு வாடகை. மூன்றிலிருந்தும் கம்பீரமாக ஒலித்த ஷரத்துகளை எல்லாம் பொறுக்கி எடுத்து, "மேற்படி", "சகலவிதமான", "எக்காலத்திலும்" ஆகியவற்றைத் தாராளமாகத் தூவி, ஒரு சாதாரண உப்பு வியாபாரத்தை ராஜ்ய உடன்படிக்கையாக்கினேன். எதையும் விட மனம் வரவில்லை. மாடி வீட்டு வாடகையிலிருந்து, மேற்படி சொத்தில் உரிமையாளரின் அனுமதியின்றி ஆணி அடிக்கக் கூடாது என்ற ஷரத்துகூட அப்படியே வந்து சேர்ந்தது. மேற்படி சொத்து என்பது உப்பு அம்பாரம்.

என் பெருமைக்குரிய குழந்தைகள் இரண்டு. பதினொன்றாம் ஷரத்து: உப்பு லாரியில் ஏற்றப்பட்டு, முழுத்தொகையும் பைசல் ஆகும் வரையில், மேற்படி உப்பின் மேல் சகல பாத்தியதையும் விற்பவருக்கே உண்டு. பணம் வராமல் ஒரு கல் உப்பு நகராது, பார் மாமா! பதினாறாம் ஷரத்து: தொழில் வழக்கம், ஊர் வழக்கம், வாய்மொழிப் பேச்சு எதுவும் இந்த ஒப்பந்தத்தின் பொருளை எவ்விதத்திலும் பாதிக்காது. இதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னேன்.

தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் மத்தியஸ்தர் என்று சீனியரின் பெயரையே போட்டேன். காக்கா பிடிக்கத்தான், வேறென்ன. வரைவைக் காட்டினபோது அவர் தன் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் இரண்டு தரம் படித்துவிட்டு, "பிரமாதம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் "தயாரித்தவர்" என்று என் பெயரை, பட்டங்களோடு, தலைப்பைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொண்டேன்.

கையெழுத்துப் போட வந்த லாரன்ஸ், எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அந்தக் காகிதத்தை முழுசாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். டீ ஆறிவிட்டது. பதினொன்றாம் ஷரத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"ஏம்மா, இது வேணுங்களா? வழக்கமா எங்க கீத்து போட்டாலே அது எங்களுதுதானே?"

"வழக்கம் வேற, சட்டம் வேற சார்."

"அப்போ பதினாறு?"

"அது வழக்கம் உள்ள வராம இருக்கறதுக்கு."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். "சரிம்மா, நீங்க படிச்சவங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவருடைய ஆட்கள் வந்து வழக்கம்போல அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடினார்கள். மாமாவின் அளத்தில் மட்டுமல்ல, பக்கத்து அளத்திலும் லாரன்ஸ்தான் வாங்கியிருந்தார். அங்கே காகிதம் கிடையாது.

லாரிகள் வருவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. அந்த வருஷத்து மழையை எங்கள் பக்கத்து ஆட்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். விட்டு விட்டுப் பெய்கிற பேச்சே இல்லை. மேலேயிருந்து வந்த தண்ணீரைக் கீற்று தடுத்தது. ஆனால் பக்கத்திலிருந்த கழுவெளி ஏரி நிரம்பி அளத்துக்குள் கீழேயிருந்து தண்ணீர் ஏறினால் கீற்று என்ன செய்யும்? மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கட்டின கீற்று கட்டினபடி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது, உள்ளே உப்பு இல்லை என்றார்.

இதில் எனக்கு இன்றைக்கும் கூசுவது என்னவென்றால், அன்று சாயங்காலம் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து லாரன்ஸுக்காகப் பரிதாபப்பட்டோம்.

"பாவம் மனுஷன். ரெண்டு அளத்து உப்பும் போச்சு" என்றார் மாமா.

"நல்ல மனுஷனுக்குத்தான் இப்படி ஆவுது. மீதிப் பணத்தக் கொஞ்சம் மெதுவா குடுங்கன்னு சொல்லுங்க. உடனே கேட்டா நல்லா இருக்காது" என்றாள் அக்கா, பஜ்ஜியைத் தட்டில் போட்டுக்கொண்டே.

நானும் உச்சுக் கொட்டினேன். இரண்டு பஜ்ஜி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மழை விட்டதும் லாரன்ஸ் வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒரு சொட்டு ஈரம் படாமல் என்னுடைய ஒப்பந்தம். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "ஏழுமல, பக்கத்து அளத்துல என் உப்பு போச்சு. அது என் நஷ்டம், நான் ஒண்ணும் பேசல. ஆனா இங்க போனது உன் உப்பு. அப்படித்தான் எழுதியிருக்குது. அட்வான்ஸ நீ எனக்குத் திருப்பித் தரணும்" என்றார்.

மாமா சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். அக்காதான் முதலில் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இந்தியச் சட்டங்கள் எல்லாம் சும்மா.

அட்வான்ஸ் அப்போது சுவராக நின்றுகொண்டிருந்தது. சுவரைத் திருப்பித் தர முடியாது. மீதி வராவிட்டால் தளமும் கிடையாது. ஒப்பந்தப்படி மத்தியஸ்தரிடம் போவோம், நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள் என்றேன். மாமாவின் முகத்தில் கவலை அந்த நிமிஷத்தில்தான் வந்தது.

திண்டிவனத்தில் சீனியர் ஆபீஸ். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். சீனியருக்குப் பசி வந்தால் நியாயம் சீக்கிரம் கிடைக்கும் என்பது நாங்கள் ஆபீஸில் சொல்லிக்கொள்வது. அவர் ஒப்பந்தத்தைப் பிரித்து, தன் பெயர் இல்லாத பக்கங்களை முதல்முறையாகப் படித்தார்.

"ஏம்மா, இதுல ஆணி எங்கேருந்து வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பதறிப்போய், "நாங்க ஆணியெல்லாம் ஒண்ணும் அடிக்கலீங்க ஐயா" என்றார்.

"நானும் அடிக்கலீங்க சார். கீத்துகூட கயிறு போட்டுத்தான் கட்டினோம்" என்றார் லாரன்ஸ். இந்த ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் பூரண சம்மதம்.

நான் எழுந்து நின்றேன். கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் வெளிப்படையாகச் சொல்லாத விஷயங்களில் அந்தத் தொழிலின் வழக்கத்தைச் சாட்சியமாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். சாட்சியச் சட்டம், தொண்ணூற்றிரண்டாவது பிரிவு, அதன் ஐந்தாவது விதிவிலக்கு. முந்தின நாள்தான் படித்தேன். (ஒப்பந்தம் எழுதும் முன்னால் படித்திருக்கலாம்.) வழக்கம் வேறு, சட்டம் வேறு என்று லாரன்ஸிடம் அடித்துவிட்டேனே, அது சுத்தப் பொய் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வழக்கம் கோர்ட்டில் நன்றாகவே நிற்குமாம். இந்தக் கரையில் வியாபாரியின் கீற்று ஏறினால் மழை வியாபாரியுடையது, இது ஊரறிந்த வழக்கம் என்று முடித்தேன்.

"கரெக்டு" என்றார் சீனியர். "வழக்கத்த தாராளமா கொண்டாரலாம். அக்ரிமென்ட்டுல எழுதினதுக்கு அது எதிரா இல்லாத வரைக்கும். பதினாற கொஞ்சம் படி."

படித்தேன். தடித்த எழுத்து என்பதால் தடுமாற வழியே இல்லை. நீ ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் வழக்கம் தானாக உள்ளே வந்து உன் மாமாவைக் காப்பாற்றியிருக்கும், நீதான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டாய் என்று சீனியர் சொன்னார். சொல்லிவிட்டு டிபன் கேரியரைப் பார்த்தார்.

நான் விடவில்லை. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது எழுதியவர்களின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா? "பதினொண்ணோட நோக்கமே பணம் வர்ற வரைக்கும் மாமாவுக்குப் பாதுகாப்பு சார். நஷ்டத்த அவர் தலையில கட்றது இல்ல."

"உன் மனசுக்குள்ள இருந்தத யாரு பாத்தா? சம்பந்தமில்லாத ஒருத்தன் இந்தத் தாள எடுத்துப் படிச்சா என்ன புரிஞ்சிக்குவானோ, அதான் நோக்கம்."

"இவ மனசுல என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கே புரியலீங்க" என்றாள் அக்கா. மத்தியஸ்தத்தில் அவளுக்குப் பேச உரிமை இல்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கடைசி அஸ்திரம். பதினொன்றாம் ஷரத்து பாத்தியதையைப் பற்றித்தான் பேசுகிறது, மழையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உப்பு யாருடையதோ நஷ்டமும் அவருடையது என்று அங்கே எழுதவில்லை. ஆகவே பொருளில் சந்தேகம் இருக்கிறது.

"பொருள் யாருதோ நஷ்டமும் அவருதுதான், வேற மாதிரி எழுதாத வரைக்கும். அது விற்பனைச் சட்டத்துலயே இருக்குது. சரி, நீ சொல்ற மாதிரி சந்தேகம்னே வெச்சிப்போம்" என்று சீனியர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குக் கொண்டாட்டமாக இருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. "சந்தேகம் வந்தா அந்த வாசகத்த எழுதினவங்க தரப்புக்கு எதிராத்தான் படிக்கணும். இத எழுதினது யாரு?"

லாரன்ஸ்தான் கடைசிப் பக்கத்தை மெதுவாகத் திருப்பி, மேஜையில் நகர்த்தினார்.

"அவங்க பேரு பெருசாவே இருக்குது சார்."

சீனியர் பார்த்தார். "ஏழுமலை தரப்பு. அப்போ தீர்ந்தது. உப்பு ஏழுமலையோடது. கரைஞ்சதும் ஏழுமலையோடது." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "நல்ல வேளம்மா, நம்ம ஆபீஸ் பேர எங்கயும் போடல" என்றார். இதே மனிதர்தான் பிரமாதம் என்று சொன்னவர்.

மாமா அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லா தளம் போட்டிருக்கீங்க ஐயா" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு பஸ்ஸில் நான் கோட்டு போட்டதே இல்லை.

லாரன்ஸ் தொண்டையைக் கனைத்தார். "அட்வான்ஸ இப்ப கேட்டா ஏழுமல எங்க போவாரு? அடுத்த சீசன் உப்புல கழிச்சிக்கறேன். வழக்கம்போல கீத்து போட்டா என்னுது. ஒரே ஒரு கண்டிஷன்தான்." என் பக்கம் திரும்பி, கொஞ்சம் சங்கடத்தோடு, "வக்கீலம்மா எழுதக் கூடாது" என்றார்.

மாமாவும் அவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மரக்காணத்து உப்பு வியாபாரம் மறுபடியும் வாய்வார்த்தைக்குத் திரும்பியது. மத்தியஸ்தர் கட்டணத்தைத் தோற்ற தரப்பு தர வேண்டும் என்று பதினெட்டாம் ஷரத்தில் எழுதியிருந்தேன். மாமாவிடம் கேட்க சீனியருக்கு மனம் வரவில்லை, நல்லவர். என்னிடம் வாங்கிக்கொண்டார்.

இப்படியாக, ரெண்டே மாசம் என்று வந்தவர்கள் அடுத்த சீசன் முடியும்வரை எங்கள் வீட்டில் இருந்தார்கள். பாதி சீசன் உப்பு லாரன்ஸுக்கே போய்விட்டது. மாமா மொபெட்டில் தினமும் மரக்காணம் போய் வந்தார். நான் கூடத்தில் பாயில் படுத்தபடி, என் அறையிலிருந்து வரும் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, சட்டம் படித்தேன். கோடை மழை பெய்தாலும் ஆடி மழை பெய்தாலும் மாமா வாசலில் நின்று, "கலா, இது யாரு மழைன்னு பாத்துச் சொல்லும்மா" என்பார். "உங்களுதுதான் மாமா" என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் சாப்பாடு வராது, அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். 2006 முடிவதற்குள் தளம் போட்டார்கள். கிரகப்பிரவேசத்தன்று யாரோ காலண்டர் மாட்டப் போக, "இரு இரு, வக்கீலக் கேட்டுட்டு ஆணி அடி" என்று மாமா சத்தம் போட்டார். முதல் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரன்ஸுக்குப் புரையேறிவிட்டது.

பின்னாளில் என் கல்யாணம் முடிந்து, அதைப் பதிவு செய்ய ரிஜிஸ்டர் ஆபீஸ் போனோம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. என் கணவர் செந்தில் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"சகலை, படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. ஆணி பத்தி எதனா இருக்கப் போவுது."

ஆபீஸே சிரித்தது. செந்தில் நிஜமாகவே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார். அந்த போட்டோவில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

வெளியே வந்தோம். தூறல் மழையாகிவிட்டது. செந்தில் குடையை விரித்தார். அக்கா முன்கூட்டியே பாடம் சொல்லிவைத்திருக்கிறாள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாமாவிடம் பவ்யமாக, "இது யாரு மழைங்க?" என்று கேட்டார்.

மாமா கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னார்:

"பதினொண்ணாம் ஷரத்துப்படி, வண்டியில ஏறுற வரைக்கும் எங்களுது, சகலை. அப்புறம் உங்க பாடு."

நான் ஏறி உட்கார்ந்தேன்.